புதுப்பிப்பு: சேலைக் கடைத் தளத்தில் நாணய மாற்றம் வேலை செய்கிறது

போன வாரம் கேட்டிருந்தேனே, மயிலாப்பூரில் அக்கா நடத்தும் சேலைக் கடையின் தளத்தில் ரூபாய் விலையைச் சிங்கப்பூர் டாலரிலும் ரிங்கிட்டிலும் காட்டுவது எப்படி என்று, அது முடிந்தது. ஐரோப்பிய மத்திய வங்கி வேலை நாட்களில் வெளியிடும் விகிதத்தைத் தினம் ஒருமுறை எடுத்துச் சேமிக்கிறேன். அதில் எல்லாமே யூரோ கணக்கு, அதனால் ரூபாயை முதலில் யூரோவாக்கி அப்புறம்தான் டாலராக்க வேண்டும். சனி, ஞாயிறில் வெள்ளிக்கிழமை விகிதமே ஓடும், பரவாயில்லை.

மாட்டிக்கொண்டது குவைத் தினாரில். அந்தப் பட்டியலில் தினார் இல்லை, வேறு இடத்தில் எடுத்தேன், சரி. ஆனால் பணம் வாங்கும் சேவைக்குத் தொகையைச் சில்லறைக் கணக்கில்தான் (பைசா, ஃபில்ஸ் போல) அனுப்ப வேண்டும்; ரூபாய்க்கு 100 பைசா, தினாருக்கு 1000 ஃபில்ஸ். நான் எல்லாவற்றையும் 100-ஆல் பெருக்கி அனுப்பியதில் 12.500 தினார் சேலை சோதனையில் 1.250 என்று வந்து நின்றது. அப்படியே கடையில் ஏறியிருந்தால் நெசவுக் கூலிகூடத் தேறியிருக்காது, பார்த்ததும் பதறிவிட்டேன். இப்போது ஒவ்வொரு நாணயத்துக்கும் தசம இடங்களைத் தனியாகக் குறித்துவிட்டேன், யென்னுக்கு ஒன்றுமே கிடையாது. ஆர்டர் போட்ட நேரத்து விகிதத்தையும் ஆர்டரோடு சேமித்து வையுங்கள், பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அதுதான் கைகொடுக்கும்.