எம்.டி.யின் மூன்று வருடம் டி.எம். சீட்டுக்கு உதவியா, தடையா?

ராயபுரம் ரெசிடென்ட்:
பொது மருத்துவம் எம்.டி. மூன்றாம் வருடம் படிக்கிறேன். அடுத்து டி.எம். கார்டியாலஜி, அதாவது எம்.டி.க்கு மேல் படிக்கும் இதய நோய்ச் சிறப்புப் படிப்பில் சேர வேண்டும். வார்டில் நாங்கள் செய்யும் வேலையில் எவ்வளவு டி.எம். நுழைவுத் தேர்வான நீட் எஸ்.எஸ்.ஸுக்கு உதவுகிறது? எங்கள் யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் டே அன்று காலை எட்டு மணிக்குப் போனால் மறுநாள் மதியம்தான் அறைக்குத் திரும்புகிறேன். அதில் பாதி நேரம் ரத்த சாம்பிளை எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடுவதிலும் ஸ்கேன் தேதி வாங்குவதிலும் போய்விடுகிறது. தொடர் பணி சாதாரணமாக நாளுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று 1992-லேயே எங்களைப் போல மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் டாக்டர்களுக்கான மத்திய அரசின் ரெசிடென்சி திட்டம் சொல்லிவிட்டது. கடைசி வருடத்திலாவது படிக்க நேரம் கொடுங்கள்.

கொருக்குப்பேட்டை சீனியர்:
தம்பி, லேபுக்கு ஓடுவது டாக்டர் வேலையே இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வார்டைத் தடை என்று சொல்லாதீர்கள். நான் எழுதியபோது கேள்விகளில் 60 சதவீதம் டி.எம். பாடத்திலிருந்து வரும், 40 சதவீதம்தான் எம்.டி. பாடம். 2022 தேர்விலிருந்து, கார்டியாலஜி வரும் மெடிக்கல் குரூப்புக்கு முழுக்க எம்.டி. பாடம்தான். நீங்கள் தினமும் பார்க்கும் நோயாளிதான் உங்கள் சிலபஸ்.

என் இரண்டாம் வருடத்தில் காசிமேட்டிலிருந்து ஒரு பெண் வந்தார். மூச்சு வாங்குகிறது என்று மாதக்கணக்கில் ஆஸ்துமா மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் யூனிட் தலைவரான சீஃப் அவரை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, ஸ்டெத்தின் பெல்லை வைத்து, எங்களை ஒவ்வொருவராகக் கேட்க வைத்தார். இதயத்தின் மைட்ரல் வால்வில் சுருக்கம். எக்கோ என்ற இதய ஸ்கேனுக்கு அனுப்பும் முன்பே தெரிந்துவிட்டது. அந்த ஒரு காலைப்பொழுதை எந்தக் கேள்வி வங்கியும் எனக்குத் தந்திருக்காது.

ராயபுரம் ரெசிடென்ட்:
அண்ணா, அந்த மர்மரை, வால்வு கெட்டால் இதயத்தில் கேட்கும் இரைச்சலை, நானும் கேட்டிருக்கிறேன். தேர்வில் யாரும் ஸ்டெத்தைக் கையில் கொடுப்பதில்லையே. 150 கேள்விக்கு 150 நிமிடம், தப்பானால் மைனஸ். எம்.டி. முடித்துவிட்டு ஒரு வருடம் வேலைக்குப் போகாமல் வீட்டில் படிக்க வசதி உள்ளவர் முன்னே போகிறார். எனக்கு வீட்டில் கடன் இருக்கிறது, அந்த ஒரு வருடம் கிடையாது.

வண்ணாரப்பேட்டை அக்கா:
பத்து வருடமாக எம்.டி. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் தொடாத இடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சி (நம் எம்.டி. போன்றது) முடித்து கார்டியாலஜி ஃபெலோஷிப்புக்கு (நம் டி.எம். போன்றது) போகிறவர் தன் சீஃப்களின் பரிந்துரைக் கடிதங்கள், ஆராய்ச்சி எல்லாவற்றையும் வைத்து விண்ணப்பிக்கிறார். நேர்காணலும் உண்டு. அதனால் சொல்லிக்கொடுப்பவரின் வார்த்தைக்கு எடை இருக்கிறது. இங்கே என் மாணவி நடு இரவில் செப்சிஸ் என்ற கடும் தொற்றுப் பாதிப்பில் இருந்த நோயாளியை எப்படிக் காப்பாற்றினாள் என்று நான் எங்கே எழுதுவது? மார்க் ஒன்றுதான் பேசுகிறது.

கொருக்குப்பேட்டை சீனியர்:
கடித முறை இங்கே வந்தால் சிபாரிசு முறையாகிவிடும், மேடம். குடும்பத்தில் டாக்டரே இல்லாத எனக்கு அந்த மார்க்தான் கதவைத் திறந்தது. அதில் கைவைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

வண்ணாரப்பேட்டை அக்கா:
அந்த பயம் நியாயமானது. கடிதம் வேண்டாம், சரி. ஆனால் கேள்வித்தாளையாவது மாற்றலாமே? ஈசிஜி, எக்ஸ்ரே, நோயாளியின் கதை இவற்றை வைத்து அடுத்து என்ன செய்வாய் என்று கேட்கும் கேள்விகள் கூடினால், வார்டில் நின்றவருக்கே சாதகம்.

எண்ணூர் மெடிசின்:
எம்.டி. படிப்பின் பகுதியாக மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதம் கட்டாயமாகப் போய் வந்தேன். போகும்போது எரிச்சல்தான். அங்கே கார்டியாலஜி ஒப்பீனியன் கேட்க ஆளில்லை, நானே ஈசிஜி பார்த்து முடிவெடுத்தேன். சாயங்காலம் படிக்கவும் நேரம் கிடைத்தது. மூன்று வருடத்தில் நான் அதிகம் கற்றது அங்கேதான்.

ராயபுரம் ரெசிடென்ட்:
பாருங்கள், நான் கேட்பதும் அதுதானே! நோயாளியும் இருக்க வேண்டும், படிக்க நேரமும் இருக்க வேண்டும். அக்கா, வாரம் ஒரு மதியம் ஈசிஜி வகுப்பு வையுங்கள் என்று எங்கள் யூனிட்டில் எழுதிக் கேட்கப் போகிறேன். சாம்பிள் எடுத்துப் போக ஒரு ஆள் வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் சேர்க்கிறேன். எப்படி எழுதினால் எடுபடும் என்று சொல்லுங்கள்.