புதுப்பிப்பு: கத்தரி வேர்முடிச்சும் பூஞ்சை வைத்தியமும்

பாவூர்சத்திரம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கத்தரி உச்சிவெயிலில் துவள்கிறது, பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு என்று ஆவணியில் எழுதியிருந்தேன். முடிச்சுக்குக் காரணம் மண்ணில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நூற்புழு, அதைப் பூஞ்சை விட்டே பிடிக்கலாம் என்றீர்கள்.

சரி, அந்தச் செடிகளைப் பிடுங்கி எரித்துவிட்டுச் செய்து பார்த்தேன். கடையில் கிடைத்தது புழுவுக்கு வலை விரிக்கும் ஆர்த்ரோபோட்ரிஸ் பூஞ்சை இல்லை, பர்பூரியோசிலியம் லிலாசினம் என்ற வேறொரு பூஞ்சை. இது புழுவுக்கு வலையோ சுருக்கோ போடாது. புழுவின் முட்டைக்குள் புகுந்து தின்னும். (சுருக்குப் போடும் வகையில், புழு நுழைந்ததும் பூஞ்சையின் வளையம் 0.1 நொடியில் இறுகிவிடும். எனக்கு அதைப் பார்க்கத்தான் ஆசை.)

மக்கிய தொழுவுரத்தில் கலந்து, நிழலில் ஈரம் காயாமல் 10 நாள் வைத்து, நடவுக்கு முன் பாத்தியில் போட்டேன். அப்புறம் ஒரு கூத்து. வேரழுகலுக்குப் பயந்து அதே வாரம் ஒரு பாத்திக்குப் பூஞ்சைக்கொல்லி ஊற்றிவிட்டேன். காசு கொடுத்து வாங்கிய பூஞ்சையை நானே கொன்ற மகராசன்! அங்கே முடிச்சு பழையபடிதான். மற்ற பாத்திகளில் முடிச்சு இல்லாமல் இல்லை, ஆனால் சிறிசு. வெள்ளை வேர் நிறைய ஓடியிருக்கிறது, மதியம் செடி துவளவில்லை.

ஊடே கேந்தியும் (செண்டுமல்லி) நட்டிருந்தேன். அதுவும் நூற்புழுவைக் குறைக்கும் என்பதால் பெருமையை யாருக்குக் கொடுப்பதென்று குழப்பம். அடுத்த நடவில் கேந்தி இல்லாமல் ஒரு பாத்தி விடப்போகிறேன்.