இணையப் பண மோசடி: 1930-க்குச் சொன்ன பிறகு பணத்தையும் ஆளையும் போலீஸ் எப்படித் தேடுகிறது?

நூல்கடை கேட்டது:

எங்கள் ஊர் வணிகர் சங்கத்துக்காக இணைய மோசடி பற்றி நான்கு பக்கக் கையேடு ஒன்று தயாராகிறது. "ஓடிபி சொல்லாதீர்கள், உடனே 1930-ஐ அழையுங்கள்" என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடப்பதுதான் யாருக்கும் புரியவில்லை. போன பணத்தை யார், எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள்? ஐபி முகவரி, போன் நம்பர் எல்லாம் கையில் இருந்தும் ஆள் சிக்காதது ஏன்? ஸ்கிரீன்ஷாட் மட்டும் கொடுத்தால் கோர்ட்டில் நிற்குமா? இந்தத் துறையில் இருப்பவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொன்னால் அப்படியே கையேட்டில் சேர்த்துக்கொள்வேன்.

லெட்ஜர் எழுதியது:

பணத்திலிருந்து தொடங்கலாம் நண்பரே. ஆளைப் பிறகும் தேடலாம், பணம் காத்திருக்காது.

1930-ல் நீங்கள் சொல்வதை, மத்திய உள்துறையின் கீழ் இருக்கும் ஐ4சி (இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம்) நடத்துகிற அமைப்பில் பதிகிறார்கள். 2021-ல் 155260 என்ற எண்ணோடு தொடங்கியது, பிறகு எண் 1930 ஆனது. பதிவானதும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கோ வாலட்டுக்கோ டிக்கெட் (அந்தப் புகாரின் தகவல்) போகும். தொகை அங்கேயே இருந்தால் லீன் போடுவார்கள். அதாவது, இருப்பில் காட்டும், எடுக்க முடியாது. பணம் நகர்ந்துவிட்டிருந்தால், எந்த வங்கிக்கு, எந்த யூடிஆர் எண்ணில் (ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் உரிய தனி எண்), எவ்வளவு என்று அந்த வங்கி பதில் எழுத வேண்டும். டிக்கெட் அடுத்த வங்கிக்கு நகரும். முதல் லேயர், இரண்டாம் லேயர் என்று போலீஸ்காரர்கள் பேசுவது இதைத்தான்.

4,80,000 ரூபாய் ஒரே ஐஎம்பிஎஸ் உடனடிப் பரிமாற்றத்தில் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கணக்கில் அது சில நிமிடம்கூடத் தங்காது. ஆறேழு கணக்குகளுக்கு 40,000, 75,000 என்று பிரியும். அங்கிருந்து கொஞ்சம் ஏடிஎம்மில், கொஞ்சம் செக்கில், மீதி கிரிப்டோ விற்பவரின் கணக்கில். ஒவ்வொரு லேயரிலும் ஒரு வங்கியின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பணத்துக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. முதல் ஒரு மணி நேரத்தைத் தங்க மணி நேரம் என்று சொல்லிக்கொண்டே இருப்பதன் காரணம் இதுதான்.

நேரம் வீணாவது பெரும்பாலும் எண்ணில். யுபிஐ என்றால் 12 இலக்க யூடிஆர் சொல்ல வேண்டும். ஆப் தனக்கென்று வைத்திருக்கும் நீளமான பரிவர்த்தனை எண்ணும் அதே திரையில் இருக்கும். பதற்றத்தில் அதைச் சொல்லிவிட்டால் எதிர் வங்கியில் தேடினாலும் வராது. நெஃப்ட் யூடிஆர் 16 எழுத்து, ஆர்டிஜிஎஸ் 22. ஐந்து தடவை அனுப்பியிருந்தால் ஐந்து எண்ணும் வேண்டும். மொத்தத் தொகையை ஒன்றாகச் சொன்னால் முதலாவது மட்டும்தான் துரத்தப்படும். பெயர், புகைப்படம், அவன் சொன்ன கதை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கார்டில் போன பணத்துக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. இடையில் பேமென்ட் கேட்வே, அதாவது பணத்தை வாங்கி வியாபாரிக்கு அனுப்பும் நிறுவனம், நிற்கிறது. வியாபாரிக்குப் பணம் பெரும்பாலும் மறுநாள்தான் செட்டில் ஆகும். அதற்குள் சொன்னால் கேட்வேயிலேயே நிறுத்த வாய்ப்பிருக்கிறது.

ரிசர்வ் வங்கியின் 6 ஜூலை 2017 சுற்றறிக்கையையும் கையேட்டில் சேருங்கள். வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் வேறெங்கோ நடந்த முறைகேடு என்றால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை. ஓடிபியையோ பின்னையோ நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரையிலான நஷ்டம் நம்முடையது, சொன்ன பிறகு போவது வங்கியுடையது. அதனால் 1930-க்குச் சொன்னதோடு நிற்காமல் வங்கிக்கும் தனியாக எழுத்தில் புகார் கொடுத்து நேரத்தோடு ஒப்புகை வாங்கிவிட வேண்டும்.

தடயம்256 எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஐபி முகவரி வீட்டு முகவரி மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள். மொபைல் நெட்டில் ஒரே பொது ஐபி-யை ஒரே நேரத்தில் ஏராளமான சந்தாதாரர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். டெலிகாம் நிறுவனத்திடம் "இந்த ஐபி, இந்தத் தேதி" என்று கேட்டால் பெரிய பட்டியல் வரும், இல்லையென்றால் ஒன்றும் வராது. ஐபி, சோர்ஸ் போர்ட் எண் (ஒரே ஐபி-யைப் பகிர்பவர்களின் இணைப்புகளைப் பிரித்துக்காட்டும் எண்), நொடி வரை நேரம் மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு சிம் தெரியும். பல இணையதளங்கள் தங்கள் பதிவில் போர்ட்டை வைப்பதே இல்லை. பல வழக்குகள் அங்கேயே முடங்குகின்றன. அது பெரிய வருத்தம்.

அடுத்தது நேரம். வெளிநாட்டு நிறுவனங்கள் பதிவை யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் தரும். அதில் 10:15 என்றால் நம் நேரப்படி 15:45. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டாமல் கடிதம் போனால், அந்தக் காலை 10:15-க்கு அதே ஐபி-யில் இருந்த சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெயர் வரும். தப்பான வீட்டுக் கதவைத் தட்டுவதில் போய் முடிகிற பிழை இது.

போன் நம்பரும் அப்படித்தான். சிம் வேறொருவரின் ஆதாரில் வாங்கியது. அழைப்பு கம்போடியாவிலிருந்தோ மியான்மரிலிருந்தோ இணையம் வழியாக வந்து, இங்கே ஒரு வாடகை அறையில் இருக்கும் சிம் பாக்ஸ் (பல சிம்களைப் பொருத்திய கருவி) வழியாக உள்ளூர் நம்பராக மாறுகிறது. தமிழ்நாட்டுப் பையன்களையும் டேட்டா என்ட்ரி வேலை என்று கூட்டிப்போய் இப்படிப்பட்ட முகாம்களில் அடைத்திருக்கிறார்கள். சிடிஆர் எனப்படும் அழைப்புப் பதிவைப் பார்த்தால் சிம் பாக்ஸின் சாயல் தெரியும்: வெளிச்செல்லும் அழைப்பு நூற்றுக்கணக்கில், உள்வருவது ஏறக்குறைய இல்லை, நாள் முழுக்க ஒரே டவர், ஒரே ஐஎம்இஐ எண்ணில் (கருவியின் அடையாள எண்) பல சிம். நகரவே நகராத போன் என்று ஒன்று கிடைத்துவிட்டால் அந்தக் கட்டிடத்தைச் சுற்றித் தேடலாம்.

வாட்ஸ்அப் நிறுவனத்திடம் செய்தியின் உள்ளடக்கம் கேட்டுப் பயனில்லை, முனைக்கு முனை மறையாக்கம், அனுப்பியவரும் பெற்றவரும் மட்டும்தான் படிக்க முடியும். கணக்கு எப்போது தொடங்கியது, எந்த ஐபி-யிலிருந்து வந்தது போன்றவைதான் கிடைக்கும். உரையாடல் வேண்டுமென்றால் அது பாதிக்கப்பட்டவரின் போனிலோ பிடிபட்டவனின் போனிலோதான் இருக்கிறது.

அந்தப் போனைக் கைப்பற்றும்போது நடக்கும் தவறுகளைத் தனியாகவே எழுத வேண்டும். ஆன் ஆகி இருக்கும் போனை அணைக்கக் கூடாது. ஒருமுறை திறந்து பயன்படுத்தப்பட்ட போனில் மறையாக்கச் சாவிகள் நினைவகத்தில் இருக்கும். அணைத்து ஆன் செய்தால் போய்விடும், பிறகு பாஸ்கோடு இல்லாமல் எடுக்கக்கூடியது மிகக் குறைவு. சிக்னலையும் துண்டிக்க வேண்டும், இல்லையென்றால் தூரத்திலிருந்தே அழித்துவிடுவார்கள். ஏரோபிளேன் மோடில் போட்டு, சிக்னல் புகாத ஃபாரடே பையில் வைப்பது வழக்கம். பையை மட்டும் நம்பினால், சிக்னல் தேடித் தேடி பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் பவர் பேங்கையும் சேர்த்து உள்ளே வைக்க வேண்டும். ஐஓஎஸ் 18.1 முதல், 72 மணி நேரம் திறக்கப்படாத ஐபோன் தானாகவே ரீஸ்டார்ட் ஆகும். ஸ்டேஷன் அலமாரியில் ஒரு வாரம் கிடந்த பிறகு ஆய்வகத்துக்கு அனுப்பினால் அந்த வாய்ப்பு போயிற்று.

கம்ப்யூட்டர் என்றால், ஓடிக்கொண்டிருக்கும்போதே முதலில் ரேம் (தற்காலிக நினைவகம்) நகல். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் சாவி அதில்தான் இருக்கும். பிறகு டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் வைத்து டிஸ்க் இமேஜ் (முழு நகல்), அதற்கு எஸ்எச்ஏ-256 ஹாஷ் (உள்ளடக்கம் துளி மாறினாலும் மாறிவிடும், கைரேகை போன்ற மதிப்பு). எஸ்எஸ்டி வகை டிஸ்க்கில் ஒரு சிக்கல் உண்டு: ரைட் பிளாக்கர் இருந்தாலும், மின்சாரம் கிடைத்ததும் அழித்த பகுதிகளை அது உள்ளுக்குள்ளேயே துடைத்துக்கொள்ளும். அடுத்த முறை எடுத்த இமேஜின் ஹாஷ் மாறினால் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று எதிர்த் தரப்பு வாதிடும். முதல் இமேஜின் ஹாஷை அன்றே எழுதி வைத்திருந்தால் பதில் சொல்லலாம்.

மகஜர் எழுதியது:

தடயம்256 சொன்ன ஹாஷ் இப்போது சட்டத்திலேயே வந்துவிட்டது. 1 ஜூலை 2024 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்), பிரிவு 63. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 65பி. மின்னணு நகலைத் தாக்கல் செய்தால் கூடவே சான்றிதழ் வேண்டும். அது பகுதி அ, பகுதி ஆ என இரண்டு. முதலாவதில் கருவியை வைத்திருப்பவர் கையெழுத்து, இரண்டாவதில் நிபுணர் கையெழுத்து. எந்த ஹாஷ் முறை, என்ன மதிப்பு என்று இரண்டிலும் எழுத வேண்டும். சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014-லும், மீண்டும் 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கிலும் சொல்லிவிட்டது. அசல் கருவியையே அதன் உரிமையாளர் சாட்சிக்கூண்டில் வந்து காட்டினால் சான்றிதழ் தேவையில்லை என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. ஆகவே ஸ்கிரீன்ஷாட் அச்சு மட்டும் போதாது. போனை விற்கக் கூடாது, வாட்ஸ்அப்பை நீக்கக் கூடாது, மறைந்துபோகும் செய்தி அமைப்பு இருந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

பிரிவுகள் விஷயத்தில் ஒன்று. ஐடி சட்டம் 66டி-யில் (கணினி வழி ஆள்மாறாட்ட மோசடி) மூன்று ஆண்டு வரைதான் தண்டனை, ஜாமீனில் விடக்கூடியது. அதனால்தான் பாரதிய நியாய சன்ஹிதாவின் (ஐபிசி-க்குப் பதில் வந்த சட்டம்) 318(4)-ஐச் சேர்க்கிறார்கள். அதில் ஏழு ஆண்டு வரை. ஐடி சட்டக் குற்றத்தை விசாரிப்பவர் இன்ஸ்பெக்டருக்குக் குறைந்த பதவியில் இருக்கக் கூடாது, பிரிவு 78. எஸ்ஐ விசாரித்துக் குற்றப்பத்திரிகை போட்டால் அந்த ஓட்டையைத்தான் எதிர்த் தரப்பு முதலில் பிடிக்கும். தேடுதலையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்பது பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 105. மகஜரில் (பறிமுதல் விவரங்களை எழுதும் ஆவணம்) போனின் ஐஎம்இஐ, ஆன் நிலையா ஆஃப் நிலையா, எத்தனை மணிக்கு ஏரோபிளேன் மோடுக்கு மாற்றப்பட்டது என்பது வரை எழுதப்பட்டிருந்தால் குறுக்கு விசாரணையில் தாங்கும்.

சிஎஸ்ஆர் ரசீது வாங்கியதோடு பலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சிஎஸ்ஆர் என்பது புகார் பெற்றதற்கான ரசீது மட்டும், எஃப்ஐஆர்தான் வழக்குப் பதிவு. லீனில் நிற்கும் பணத்தைத் திரும்பப் பெறப் பொதுவாக மாஜிஸ்திரேட்டிடம் பிஎன்எஸ்எஸ் 503-ன் கீழ் மனு போட வேண்டும் (பழைய சட்டத்தில் 457). எந்த வங்கியில், எந்தக் கணக்கில், எவ்வளவு நிற்கிறது என்ற பட்டியலை விசாரணை அதிகாரியிடம் வாங்கி மனுவோடு இணைப்பது அவசியம். இல்லாவிட்டால் வங்கி எதை விடுவிப்பது என்றே தெரியாமல் உத்தரவு கிடக்கும்.

நூல்கடை கேட்டது:

மூவருக்கும் மிக்க நன்றி. எங்கள் உறுப்பினர்களிடம் அதிகம் வரும் புகார் வேறு: ஒரு தவறும் செய்யாத கடையின் நடப்புக் கணக்கே முடங்கிவிடுகிறது. வாடிக்கையாளர் க்யூஆரில் 1,200 ரூபாய் போட்டார், அவ்வளவுதான். இதற்கு என்ன செய்வது?

லெட்ஜர் எழுதியது:

அந்த 1,200 நான்காவது, ஐந்தாவது லேயரில் வந்த மோசடிப் பணமாக இருக்கும். கடைக்காரருக்கு அது தெரிய வழியே இல்லை. ஆனால் டிக்கெட் பணத்தின் பின்னால்தான் ஓடும், ஆளைப் பார்க்காது. வங்கியிடம் மூன்று விவரம் எழுத்தில் கேளுங்கள்: புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலத்தில் எந்தக் காவல் நிலையம், தகராறில் உள்ள தொகை. பிறகு அந்த நிலையத்துக்கு மின்னஞ்சலில் பில், ஜிஎஸ்டி பதிவு, அன்றைய கணக்கு அறிக்கை எல்லாம் அனுப்பி, 1,200-க்கு மட்டும் லீன் வைத்து மீதியை விடுவிக்கக் கோர வேண்டும். எழுத்தில் இல்லாமல் போனில் கெஞ்சுவதில் பயனில்லை.

மகஜர் எழுதியது:

பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றம். தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்கக் கூடாது என்ற நிலையை கேரள உயர் நீதிமன்றம் 2023-லும் சென்னை உயர் நீதிமன்றம் 2024-லும் எடுத்திருக்கின்றன. பிஎன்எஸ்எஸ் 106-ன் கீழ் முடக்கினால் மாஜிஸ்திரேட்டுக்கு உடனே தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்தார்களா என்று மனுவில் கேளுங்கள்.

கம்பிவழி எழுதியது:

ஒரு சேர்க்கை. பதிவுகள் என்றைக்கும் இருக்காது. அழைப்பு, இணையப் பதிவுகளை டெலிகாம் நிறுவனங்கள் குறைந்தது 2 ஆண்டு வைக்க வேண்டும் (டிசம்பர் 2021 உரிமத் திருத்தம்). மற்ற நிறுவனங்களின் கணினிப் பதிவுகளுக்கு செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) 2022 உத்தரவுப்படி 180 நாள். ஏடிஎம் கேமரா இன்னும் சீக்கிரம் மேலெழுதப்பட்டுவிடும். பணம் எடுத்தவனின் முகம் இருப்பது அங்கே ஒன்றில்தான். எனவே எஃப்ஐஆர் ஆனதும் எந்த ஏடிஎம், எத்தனை மணி என்று குறிப்பிட்டு, காட்சியைக் காப்பாற்றி வைக்கச் சொல்லி பிஎன்எஸ்எஸ் 94 நோட்டீஸ் வங்கிக்குப் போயிற்றா என்று புகார்தாரரே விசாரணை அதிகாரியிடம் கேட்கலாம்.

தடயம்256 எழுதியது:

கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பு) வருகிறதே, அதை நிறுவிவிட்டவர்களுக்கு: சிம்மைக் கழற்றி, வைஃபையை அணைத்து, இன்னொரு போனிலிருந்து 1930. ஃபேக்டரி ரீசெட் வேண்டாம். அந்த ஏபிகே கோப்புக்குள்தான் திருடிய எஸ்எம்எஸ் எங்கே போகிறது என்ற முகவரி இருக்கும். பல நேரம் ஒரு டெலிகிராம் பாட்டின் (தானியங்கிக் கணக்கு) டோக்கன், அல்லது கூகுளின் ஃபயர்பேஸ் தரவுத்தள முகவரி. ஒரே முகவரி நாற்பது புகார்களில் வந்தால் நாற்பதும் ஒரே கும்பல் என்று கோர்க்க முடியும். ரீசெட் செய்த போனில் அது கிடைக்காது. சிம்மை வேறு போனில் போட்டு வங்கிக் கடவுச்சொற்களை மாற்றிக்கொள்ளுங்கள், பாதிக்கப்பட்ட போனை அப்படியே ஸ்டேஷனில் ஒப்படையுங்கள்.