பழைய கேசட்டுகளை ஃப்ளாக்கில் வைக்க லெவல் 5 போதுமா, 8 வேண்டுமா?

நாடாக்காரன்:
அப்பா பேசிப் பதிந்து வைத்த 60 நிமிட கேசட்டுகள் 43 இருக்கின்றன. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் கணினிக்குள் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு கேசட்டுக்குச் சுருக்காத வேவ் கோப்பு 2 ஜிபியைத் தாண்டுகிறது. ஒலிக் கோப்பைச் சுருக்கி வைக்கும் ஃப்ளாக் (FLAC) வடிவத்தில் லெவல் 5 வைத்தால் 1.2 ஜிபி. ஆசைக்கு லெவல் 8 போட்டுப் பார்த்தேன். நேரம் மூன்று மடங்கு, மிச்சமானது 7 எம்பி! 8 வைத்தால் தரமாவது கூடுமா? நண்பர் ஒருவரோ, "லெவல் 0 வை, அதிகம் அழுத்தாததால் அசலுக்குப் பக்கத்தில் இருக்கும்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

குருவிக்கூடு:
நண்பர் எம்பி3 நினைப்பில் சொல்கிறார். அதுதான் அழுத்தும்போது ஒலியில் கொஞ்சத்தைத் தூக்கிப் போட்டுவிடும், ஃப்ளாக் எதையும் போடாது. 0 முதல் 8 வரை எதில் வைத்தாலும் விரிக்கும்போது அதே பிட்டுகள்தான் திரும்ப வரும். சிறிதாகச் சுருக்க என்கோடர் (சுருக்கும் மென்பொருள்) எவ்வளவு மெனக்கெட்டு வழி தேடுகிறது என்பதுதான் லெவல். டீஃபால்ட் 5, அப்படியே விடுங்கள்.

பழைய ஸ்பூல்:
லெவலை விடுங்கள், அந்த 1.2 ஜிபிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முந்தைய சாம்பிள்களை (ஒலியை நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்த எண்களை) வைத்து அடுத்ததை ஊகிப்பதும், ஊகம் எவ்வளவு தவறியதோ அதை மட்டும் எழுதி வைப்பதும்தான் ஃப்ளாக்கின் வேலை. பேச்சை ஊகிக்கலாம். டேப்பின் 'ஸ்ஸ்' இரைச்சலை யாரால் ஊகிக்க முடியும்? சாதாரண கேசட்டில் இரைச்சலுக்கும் உச்ச ஒலிக்கும் இடையே 50, 60 டெசிபெல்தான் இருக்கும். பிட்டுக்கு 6 டெசிபெல் என்று வைத்தால் 16 பிட்டே 96 டெசிபெல் தருகிறது. அதற்குக் கீழே உள்ள 8 பிட்டிலும் நீங்கள் பத்திரப்படுத்துவது வெறும் இரைச்சலை. அங்கே லெவல் 8 என்ன செய்துவிடும்?

பதியும்போது 24 பிட் இருக்கட்டும், ஒலி அளவைத் தாழ்வாக வைத்துப் பயமில்லாமல் பதியலாம். 96 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம், பேச்சுக்கு 48 தாராளம். ஒலியைச் சரிசெய்த பிறகு 16 பிட்டாக்கிச் சேமியுங்கள்.

அப்புறம் ஒன்று. என்கோட் செய்யும்போது வெரிஃபை ஆப்ஷனைப் போடுங்கள். எழுதியதை அப்போதே விரித்து அசலோடு ஒப்பிட்டுவிடும். நான் போடவில்லை. ரேம் பழுதாகியிருந்தது தெரியாமல் ஒரு இரவு முழுக்க மாற்றி, காலையில் வேவ் எல்லாவற்றையும் அழித்தேன். மூன்று மாதம் கழித்து ஃப்ளாக்கின் டெஸ்ட் ஓட்டினால் இரண்டு கோப்புகளில் எம்டி5 (ஒலியின் கைரேகை மாதிரியான சரிபார்ப்பு எண்) பொருந்தவில்லை. ஃப்ளாக் தன் தலைப்பிலேயே அசல் ஒலியின் எம்டி5-ஐ வைத்திருப்பதால் கெட்டது தெரிந்தது, அவ்வளவுதான். திரும்பப் பதியலாமென்றால் அந்த டேப்புகளை அதற்குள் தூக்கிக் கொடுத்துவிட்டிருந்தேன்.

ஒற்றைச்சேனல்:
அப்பா மோனோ ரெக்கார்டரில்தானே பேசியிருப்பார்? இரண்டு சேனலும் பிட்டுக்குப் பிட்டு ஒன்றாக இருந்தால் ஃப்ளாக் கண்டுகொண்டு, இரண்டாவதை ஏறக்குறைய சும்மாவே வைத்துவிடும். ஆனால் ஸ்டீரியோ டெக்கில் ஓட்டும்போது இரண்டு பக்கமும் இரைச்சல் வேறு வேறு, அதனால் இரண்டுக்கும் இடம் போகிறது. நல்ல பக்கம் ஒன்றை மட்டும் வைத்தால் பாதி மிச்சம். இரண்டையும் கலக்குவதென்றால் முதலில் டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட்டின் சாய்வைச் சரிபாருங்கள், இல்லையென்றால் 'ச', 'ஸ' எல்லாம் மழுங்கிவிடும்.

நாடாக்காரன்:
மோனோதான்! வலது பக்கம் கொரகொர என்றிருந்தது, இடதை எடுத்துக்கொண்டேன். 48, 16 பிட், லெவல் 5, வெரிஃபையோடு முதல் டேப் 170 எம்பியில் நிற்கிறது. அப்பா நடுவில் இருமுவதுகூட அப்படியே இருக்கிறது. வேவை இன்னும் அழிக்கவில்லை, ஸ்பூல் சார் கதையைப் படித்த பிறகு கை வரவில்லை.