நாலேகால் லட்சத்துக்கு ஒரு பழைய மெர்சிடிஸ்

குழு: காசிமேட்டுக் குடும்பம்

பிரபு, காலை 6:40
அனைவருக்கும் வணக்கம். பெரம்பூரில் ஒருவர் தம்முடைய 2009ஆம் ஆண்டு மெர்சிடிஸ் இ 280 சிடிஐ காரை நாலேகால் லட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். 1,32,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அவர் இரண்டாவது உரிமையாளர். ஆர்சி 2029 வரை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன் மணி மாமா என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். பெரியப்பாவின் கட்டளைப்படி முழு வாக்கியங்களிலேயே எழுதியிருக்கிறேன்.

பெரியப்பா, காலை 6:52
பிழை ஏதும் இல்லை, மகிழ்ச்சி. அந்த வண்டியின் நீளம் ஏறத்தாழ 4.85 மீட்டர். இப்போதுதான் டேப் பிடித்து அளந்தேன். நம் வாசற்படியிலிருந்து மின்கம்பம் வரை 5.1 மீட்டர் இருக்கிறது. முன்னும் பின்னும் அரைச் சாண்தான் மிஞ்சும்.

மணி மாமா, காலை 7:30
மாப்பிள்ளை, முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாடலின் முதல் வண்டிகளில் மின்னணு பிரேக் ஒன்று இருந்தது. அதற்காக 2004இல் உலகம் முழுவதும் 6,80,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். 2006க்குப் பிறகு பழையபடி சாதாரண ஹைட்ராலிக் பிரேக்குக்கே மாறிவிட்டார்கள் என்பதால், யாராவது அதைச் சொல்லிப் பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதே.

நீ பார்க்க வேண்டிய இடம் வேறு. இது மூன்று லிட்டர் வி6 டீசல் இன்ஜின். இதன் ஆயில் கூலரை இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில், டர்போவுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் அடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அதற்கு முதலில் போட்டு வந்த ஆரஞ்சு நிற ரப்பர் சீல்கள் சூட்டில் வெந்து வெந்து கல் மாதிரி இறுகிவிடும். பிறகு ஊதா நிறத்தில் நல்ல சீல் வந்தது. சீல் போனால் ஆயில் அந்தப் பள்ளத்தில் தேங்கி, பின்பக்கமாக வழிந்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் சொட்டும். அதைப் பார்த்துவிட்டு கியர்பாக்ஸ் ஒழுகுகிறது என்று சொல்லி அதைக் கழற்றுகிற ஆட்களும் உண்டு. சீலின் விலை பெரிதில்லை. ஆனால் மேலே இருக்கிற எல்லாவற்றையும் இறக்கி ஏற்ற இரண்டு நாள் பிடிக்கும். வெளிப் பட்டறையில் செய்தாலே 40,000 முதல் 50,000 வரை ஆகும் என்பது என் கணக்கு.

பிரபு, காலை 7:41
ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர்தானே ஓடியிருக்கிறது, மாமா? குறைவாக ஓடிய வண்டி என்பது நல்லதில்லையா?

மணி மாமா, காலை 7:55
அப்படிச் சொல்லித்தான் விற்பார்கள். ரப்பருக்கு மீட்டர் தெரியாது. பதினாறு வருடத்தில் சஸ்பென்ஷன் புஷ், ஹோஸ், இன்ஜின் மவுண்ட் எல்லாம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இற்றுப் போகும். அதுவும் கடற்காற்று அடிக்கும் நம் பகுதியில் நின்றிருந்தால் அடிப்பக்கத்தையும் பிரேக் குழாய்களையும் விளக்கு அடித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

கியர்பாக்ஸுக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. ஏழு கியர் ஆட்டோமேட்டிக்கின் கட்டுப்பாட்டு மின்னணுப் பலகை பெட்டிக்குள்ளேயே, ஆயிலில் ஊறியபடி இருக்கும். 60,000 கிலோமீட்டர் அளவில் ஒருமுறையாவது ஆயிலும் ஃபில்டரும் மாற்றியதற்கு ரசீது கேள். "இதற்கு ஆயிலே மாற்ற வேண்டாம்" என்று அவர் பதில் சொன்னால், மாற்றவில்லை என்று எடுத்துக்கொள்.

செல்வி அத்தை, காலை 8:10
நாங்களும் ஒரு பழைய பெரிய வண்டியை ஆசையாக வாங்கினோம். எந்த நிறுவனம் என்று இங்கே சொல்ல வேண்டாம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கியர் விழாமல் நின்றுவிட்டது. ஒன்றே கால் மணி நேரம் ஹாரன் சத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். இழுத்துப் போக வந்த வண்டிக்காரர், "அம்மா, இது எனக்கு இந்த வாரத்தில் மூன்றாவது" என்றார். அந்தத் தோல் இருக்கையின் சுகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

கவிதா அக்கா, காலை 9:05
பிரபு, உன் மாத ஓட்டம் 1,000 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். நகரத்துக்குள் லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கிடைத்தால் டீசலுக்கு மாதம் 10,000 ரூபாய்க்குச் சற்று மேல் ஆகும். லிட்டருக்கு 16 தரும் சிறிய பெட்ரோல் காருக்கு 6,300 ரூபாய் ஆகும். ஆண்டுக்கு வித்தியாசம் ஏறத்தாழ 47,000 ரூபாய். அதாவது, எல்லோரும் பயப்படும் எரிபொருள் செலவின் ஓராண்டு வித்தியாசமும், மாமா சொன்ன அந்த ஒரே ஒரு சீல் வேலையும் ஏறக்குறைய சமம். எரிபொருள் மாதாமாதம் சம்பளத்திலிருந்து போய்விடும். பழுதுச் செலவு முன்னறிவிப்பில்லாமல் மொத்தமாக வரும்.

காப்பீட்டில், 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மட்டுமே 7,897 ரூபாய், வரி தனி. ஈடு கேட்காமல் இருந்ததற்காக அவருக்குக் கிடைத்த பிரீமியத் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், உனக்கு வராது. வெள்ளத்தில் இன்ஜின் போனால் ஈடு தரும் கூடுதல் பாதுகாப்பு இத்தனை வயதான வண்டிக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

பிரபு, காலை 9:20
டில்லிப் பதிவெண்ணோடு 2015ஆம் ஆண்டு வண்டி ஒன்றும் இதே விலையில் இருக்கிறது, அக்கா.

கவிதா அக்கா, காலை 9:26
அங்கே 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை போட்டதால் வருகிற விலை அது. அங்கே என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, மறுபதிவு செய்து முடிப்பதற்குள் அந்த மலிவு கரைந்துவிடும். அதை விட்டுவிடு.

மணி மாமா, காலை 10:02
வெள்ளம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் எத்தனை கார்கள் மூழ்கின என்று நமக்குத் தெரியும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார். சேற்றுக் கோடு இருந்தால் வந்த வழியே திரும்பிவிடு. இந்த மாடலில் பெரிய பேட்டரி டிக்கித் தரைக்குக் கீழே இருப்பதால், ஸ்டெப்னி பள்ளத்தில் துருவோ ஈரமோ இருக்கிறதா என்று கம்பளத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். வாங்கிய பிறகும், மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் இந்த வண்டியை இறக்கவே கூடாது.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். நாலேகால் கொடுத்த பிறகு உன் கையில் எவ்வளவு மிச்சம் இருக்கும்?

பிரபு, காலை 10:15
அறுபதாயிரம் இருக்கும், மாமா.

மணி மாமா, காலை 10:19
அப்படியானால் இந்த விலைக்கு வாங்காதே. முதல் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் தனியாக வைத்துக்கொண்டுதான் இதில் கை வைக்க வேண்டும். உதிரி பாகம் புதுப்பேட்டையில் கிடைக்கும் என்று சொல்வார்கள். கதவு, கண்ணாடி, விளக்கு என்றால் சரி, சீலும் சென்சாரும் பழையது வாங்கிப் போடக் கூடாது. எல்லாம் ஒழுங்காக இருந்தால் மூன்றேகால் லட்சத்துக்குக் கேட்போம். அவர் தராவிட்டால் வேண்டாம்.

பெரியப்பா, காலை 10:24
மின்கம்பத்தில் அவன் இடித்தால் அதற்கான செலவையும் அந்த ஒன்றரை லட்சத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரபு, காலை 10:31
சரி, மாமா. ஞாயிற்றுக்கிழமை என்னோடு வர முடியுமா?

மணி மாமா, காலை 10:33
வருகிறேன். காலை 6:30க்கே போவோம். ஸ்கேனரும் டார்ச்சும் நான் எடுத்து வருகிறேன். நாம் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சனிக்கிழமை இரவே அவரிடம் சொல்லிவிடு. போனதும் பேனட்டைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினில் தெரியும் குறையை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, தெருமுனையில் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம்.