மூன்றாவது மெயின் பேரிங்கில் மட்டும் கிளியரன்ஸ் அதிகம், என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. சாலையில் ஓட்டத்தான், ஆனால் கூடுதல் பவரோடு ஒரு வி8 இன்ஜின் கட்டிக்கொண்டிருக்கிறேன். மெயின் ஜர்னல் (கிராங்க்ஷாஃப்ட்டில் மெயின் பேரிங்குக்குள் சுழலும் பகுதி) விட்டம் 2.449 இஞ்ச். விட்டத்தில் ஒரு இஞ்சுக்கு 0.001 இஞ்ச் என்ற பழைய கணக்கில் கிளியரன்ஸ், அதாவது ஜர்னலுக்கும் பேரிங்குக்கும் நடுவே எண்ணெய் நிற்கும் இடைவெளி, 0.0025 அளவில் வர வேண்டும். நான்கு மெயினில் 0.0025 முதல் 0.0027 வரை வந்துவிட்டது. மூன்றாவதில் மட்டும் 0.0036!

போல்ட்டில் எண்ணெய் தடவி, பேரிங்கை மூடும் கேப்பை முழு டார்க்கில் (சொல்லப்பட்ட முறுக்கு அளவில்) இறுக்கித்தான் அளந்தேன். ஜர்னலை அளந்த அதே மைக்ரோமீட்டரில் வைத்துத்தான், உள்விட்டம் அளக்கும் போர் கேஜையும் பூஜ்யமாக்கினேன். பேரிங்கின் இரண்டு பாதிகளான ஷெல்கள் சேரும் இடம் எப்படியும் அகலமாகக் காட்டும் என்பதால் நேர் மேல் கீழாகவே பார்த்தேன். கழற்றி, துடைத்து, மூன்று முறை பார்த்தும் அதே அளவு. நடுவில் வைத்து நசுக்கி, அகலத்தைப் பார்த்து இடைவெளி அறியும் பிளாஸ்டிகேஜ் இழை 0.003 என்கிறது. எனக்கு போர் கேஜ் மேல்தான் நம்பிக்கை.

கிளியரன்ஸை 0.001 குறைக்கும் தடித்த ஷெல்லை ஜோடியாகப் போட்டால் 0.0026 வரும். பாதி மட்டும் போட்டால் 0.0031. அப்படிப் பாதி மட்டும் மாற்றி ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா? இல்லை, ஷெல்லை எடுத்துவிட்டு அது உட்காரும் ஹவுசிங் துளையை அளந்து, லைன் ஹோன் (மெயின் துளைகளை ஒரே நேர்கோட்டில் தேய்த்துச் சரிசெய்வது) தேவையா என்று முதலில் பார்ப்பதா? இது தெளியாமல் இன்ஜினை மூட மனசு வரவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.