ரீசெட் பண்ணியும் டி டிரைவ் ஃபைல்கள் மீண்டு வருது: லேப்டாப்பை விற்கலாமா?

தூறல்:
விண்டோஸ் 11. சி டிரைவ் எஸ்எஸ்டி, டி டிரைவ் தனி ஹார்ட் டிஸ்க், 1 டிபி. 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்து ரீசெட் பண்ணினேன். சி சுத்தமாயிடுச்சு, டி அப்படியே இருந்தது. அதை ஃபார்மேட் பண்ணினேன், கண்மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சது. சந்தேகப்பட்டு, அழிஞ்ச ஃபைலை மீட்கிற ரெக்கூவா சாஃப்ட்வேரை ஓட்டினா பாஸ்போர்ட் ஸ்கேன் வரைக்கும் வருது! வாங்கறவர் ஞாயிறு வர்றார்.

பழையசுவிட்ச்:
ரீசெட்ல 'சேஞ்ச் செட்டிங்ஸ்'னு ஒரு லிங்க் வரும், யார் கண்ணுக்கும் படாது. உள்ளே 'க்ளீன் டேட்டா', 'எல்லா டிரைவையும் அழி'ன்னு ரெண்டு சுவிட்ச். நாமதான் ஆன் பண்ணணும்.

குயிக் ஃபார்மேட், எந்த ஃபைல் எங்கேங்கிற பட்டியலை மட்டும் காலி பண்ணும். டேட்டா டிஸ்க்லயே கிடக்கும். மறுபடி ஃபார்மேட் போங்க, 'குயிக் ஃபார்மேட்' டிக்கை எடுத்துடுங்க. விஸ்டா காலத்துலேர்ந்து முழு ஃபார்மேட் டிஸ்க் முழுக்க சைபர் எழுதிடும். மணிக்கணக்கா ஓடும், சார்ஜரை மாட்டி வைங்க. ஏழு தடவை எழுதணும்னு யாராவது சொன்னா விட்டுடுங்க, ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு தடவை போதும்.

கம்பிவடம்:
டி-க்கு சரி. எஸ்எஸ்டில இந்த வேலையை நம்பாதீங்க. ஒரே இடத்துல திரும்ப எழுதச் சொன்னாலும் அது வேற மெமரி செல்லுல எழுதிட்டு பழசை எங்கேயோ வெச்சிருக்கும். பயாஸ்ல, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கற செட்டிங்ஸ்ல, எஸ்எஸ்டியை முழுசா அழிக்கற 'செக்யூர் எரேஸ்' இருந்தா அதுதான் முறை. அப்புறம் பென் டிரைவ்லேர்ந்து விண்டோஸ் போடணும். இல்லைன்னா 'க்ளீன் டேட்டா' ஆன் பண்ணி மறுபடி ரீசெட்.

இன்னொண்ணு, ரெக்கூவா ஓட்டியிருக்கீங்கன்னா ரீசெட்டுக்கு அப்புறம் லாகின் பண்ணியிருக்கீங்கன்னு அர்த்தம். அதனால சி-யை எப்படியும் திரும்ப அழிக்கணும். முதல்ல டி, கடைசியா சி.

தூறல்:
ஆமா சார், என் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்லதான் லாகின். பயாஸ்ல செக்யூர் எரேஸ் இல்லை, ரீசெட்டே பண்றேன். ஆனா கீபோர்டு, கேமரா எல்லாம் ஓட்டிப் பார்த்துதான் வாங்குவேன்னு சொல்றாரே?

பழையசுவிட்ச்:
ரீசெட் முடிஞ்சு எந்த நாடுன்னு கேக்கற திரை வந்ததும் பவர் பட்டனை அழுத்தி அணைச்சிடுங்க. ஞாயிறு அவரே அவர் அக்கவுண்ட்டைப் போட்டு செட்டப் பண்ணட்டும். கீபோர்டும் வைஃபையும் அதுலயே தெரிஞ்சுடும், கேமராவை உள்ளே போய்ப் பார்த்துக்கலாம். பணம் கைக்கு வந்ததும் உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் பக்கத்துல டிவைஸ் லிஸ்ட்லேர்ந்து இந்த லேப்டாப்பை நீக்குங்க. பயாஸ் பாஸ்வேர்டு போட்டிருந்தா இப்பவே எடுத்துடுங்க.

கம்பிவடம்:
மெமரி கார்டு ஸ்லாட்டையும் பாருங்க. நான் வாங்கின பழைய லேப்டாப்ல யாரோட கல்யாண ஃபோட்டோவோ வந்தது.